பின் சீட்டின் எடை

மணல் குவியலே எழுந்து வந்து குறுக்கே படுத்துக்கொண்டது என்று தண்ணிக்காரர் சத்தியம் செய்திருந்தால், பார்த்தவர்கள் நம்பியிருப்பார்கள். அவ்வளவு நேர்த்தியாக அதன் நட்ட நடுவில் வண்டியைச் செருகியிருந்தார். யாரோ வீடு கட்டுகிறவர்கள் தெருவில் பாதியை மறித்துக் கொட்டி வைத்த மணல் அது. மூன்று நாளாக அங்கேதான் கிடந்தது. மூன்று நாளும் அதைச் சுற்றித்தான் அவர் போனார். நாலாம் நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, சுற்றுவானேன் என்று நேராகவே போய்விட்டார்.

முன்சக்கரம் பாதி புதைந்தது. வண்டி நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டி மணலில் குப்புறப் போய் விழுந்தார். ஹெல்மெட் இருந்ததால் மண்டை தப்பியது, வாய் தப்பவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இடது பக்கம் சரிந்து, முழங்கையைத் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டாள்.

அவர் எழுந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை:

“லைட்டு.”

அவள் சாப்பாட்டுப் பையைத் தேடி எடுத்து, மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

“இது லைட்டே இல்லம்மா, மெழுகுவத்திக்குத் தம்பி. மணல் இருக்கிறதைக் காட்ட வேணாமா? முன்னாடி மாட்டியிருக்கிறது எதுக்கு, அழகுக்கா? கை என்னாச்சு, காட்டு.”

அவள் கையைக் காட்டவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 

“நேரமாச்சு,” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய சாலையை நோக்கி நடந்தாள். அவர் வண்டியை மணலிலிருந்து பிடுங்கி, உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தாள். அவள் துணி தேய்க்கிற வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். அதனால் வேலைக்குப் போன இடத்திலேயே நாலு தையலும் போட்டுக்கொண்டாள்.

அவரைத் தண்ணிக்காரர் என்று ஊரே கூப்பிடும். மேல்நிலைத் தொட்டியின் வால்வைக் காலை ஐந்தரைக்குத் திறந்து, தெருத்தெருவாகத் தண்ணீர் விடுகிற வேலை. இருபத்தாறு வருடமாகக் குடிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தொடாதவர். மணலில் விழுந்த செய்தி பரவியதும், “தண்ணிக்காரர்னு பேர் வச்சதுக்கு ஒரு நாளாவது மரியாதை பண்ணிட்டாரு” என்று குழாயடியில் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். தன்னைப் பற்றிய கேலியில் தன் பங்கையும் போட்டுவிட்டால் வலிக்காது என்பது அவருடைய பழைய சித்தாந்தம்.

வலித்தது வேறொன்று. மறுநாளிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை.

நாலரைக்கே எழுந்து கிளம்பிவிடுவாள். இரண்டு தெரு நடந்து, இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “பஸ்ல காத்தோட்டமா இருக்கு” என்றாள்.

“பைக்ல புழுக்கமா இருந்துதா இத்தனை வருஷமா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

விழுந்த அன்றைக்குக் காலையில் வாசலில் வைத்து அவர் ஒன்று சொல்லியிருந்தார். ஒருவேளை அதற்கான கோபமோ என்றும் நினைத்துப் பார்த்தார். அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்ததும் பேச்சு ஊறும். சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர் அம்மாவுக்கும் அந்த அம்மாவின் நாத்தனாருக்கும் ஒரு தையல் மெஷினை முன்னிட்டு நடக்கிற சண்டையை மூன்று வருடமாகத் தினமும் சொல்லிக்கொண்டு வருகிறாள். சொல்வதோடு விடமாட்டாள். நடுநடுவே “கேக்குதா?” என்பாள். அவர் “ம்” என்றாக வேண்டும். “ம்” வரக் கொஞ்சம் தாமதமானால் விரல் முட்டியால் விலாவில் ஒரு குத்து. நீதிமன்றத்தில்கூடச் சாட்சியை இப்படி நடத்தமாட்டார்கள். அன்றைக்கு மண்டை கனத்துக் கிடந்ததால், “இன்னைக்கு ஒரு நாள் ரேடியோவை அணைச்சு வைக்கிறியாம்மா?” என்று கேட்டுவிட்டார். அவள் அணைத்துவிட்டாள். வழியெல்லாம் சத்தமே இல்லை. அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. அடுத்த நினைவு மணல்.

“ரேடியோவை மறுபடி போடலாம், தடை நீக்கியாச்சு,” என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. மனைவி பஸ்ஸில் போகிறாள், அவ்வளவுதானே. ஆனால் தண்ணிக்காரர் மதியம் ஒரு மணிக்கு முதல் தொட்டியில் வேலை முடிந்து, இரண்டு மணிக்கு ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் இரண்டாவது தொட்டிக்குப் போனால் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும். அப்போது அவள் தூங்கியிருப்பாள். அந்தத் தொட்டிக்காரர் ஓய்வு பெற்றபோது மேலதிகாரி கூப்பிட்டு, “ரெண்டு மாசம் சமாளிங்க, ஆள் போட்டுடறோம்” என்றார். “ஒண்ணைக் கட்டிக்கிட்டவனுக்கு ரெண்டாவது என்ன பெரிய பாரமா சார்?” என்று இவர் வாய்க்கொழுப்பில் ஒரு ஜோக் அடித்தார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையே சம்மதமாக எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் மூன்று வருடமாயிற்று. ஆக, புருஷனும் பெண்டாட்டியும் முழித்த கண்ணோடு ஒன்றாக இருப்பது காலையில் வண்டியில் போகிற அந்த இருபத்தைந்து நிமிடம்தான். குடும்பம் நடத்துவதே அதற்குள்தான். அதுவும் இப்போது பஸ் ஏறிப் போய்விட்டது.

ஆகவே விளக்கைச் சரி செய்துவிடுவது என்று முடிவு செய்தார். விளக்கு எரிந்தால் பயம் போகும், பயம் போனால் அவள் ஏறுவாள். கணக்கு அவருக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

வண்டி மகளைவிட ஒரு வயது மூத்தது. “என் மூத்தாள்” என்று மனைவி அதைச் சொல்வாள். அதன் முன்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது. எஞ்சின் சுற்றுகிற சுற்றில் காயில் என்கிற ஒரு கம்பிச்சுருளிலிருந்து நேராக வரும். முறுக்கினால் வெளிச்சம், விட்டால் மின்மினி. பள்ளம் வருகிறதே என்று வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறைந்துவிடும். பள்ளத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் வேகமாகப் போய் அதில் விழ வேண்டும். இடப்பக்கக் கண்ணாடி உள்நோக்கித் திரும்பி, பின்னால் வருகிற வண்டிகளைக் காட்டாமல் பின் சீட்டில் இருப்பவளின் முகத்தைக் காட்டும். அது தானாகத் திரும்பவில்லை. கல்யாணமான புதிதில் அவர்தான் திருப்பி வைத்தார். அப்புறம் துரு பிடித்து அப்படியே நின்றுவிட்டது என்பதுதான் அவர் வெளியே சொல்கிற கதை.

முதலில் கைவைத்தியம் பார்த்தார். உதிரிபாகக் கடைக்காரர், “முப்பத்தஞ்சு வாட்ஸ் வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? நூறு போடுங்க, விடிஞ்ச மாதிரி இருக்கும்” என்று ஒரு பல்பைக் கொடுத்தார். தண்ணிக்காரர் இரவு வந்து, வாசல் விளக்கில், கொட்டாவிக்கு நடுவே அதை மாட்டினார். மறுநாள் காலை விளக்கைப் போட்டுப் பார்த்தார். பழைய பல்பாவது மஞ்சளாக எரிந்தது. இது பழுத்த மிளகாய் மாதிரிச் சிவந்தது. மூன்றாவது தெருவில் ஏதோ பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. எவனோ அதிகாலையில் குப்பை கொளுத்துகிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே போனார். நாலாவது தெருவில் விளக்கு அணைந்தது. கருகியது அவருடைய பல்ப் ஹோல்டர்தான். மீதித் தூரத்தை இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதில், அன்றைக்கு ஊருக்கே தண்ணீர் அரைமணி தாமதம். தொட்டியடிக்குப் போனதும் அவரை வரவேற்கக் குடங்கள் காத்திருந்தன. குடங்களுக்குப் பின்னால் வாய்களும்.

அதற்கப்புறம்தான் வார விடுமுறையன்று வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். எஞ்சின்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கத்தால் அவனை எல்லாரும் டாக்டர் என்பார்கள். நாற்பது வயது. எதற்கும் “பார்க்கலாம்” என்பான்.

டாக்டர் கருகிய ஹோல்டரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

“அண்ணே, ரெண்டு பேருக்கு வடிச்ச சோத்துக்கு அஞ்சு பேரை உக்கார வச்சிருக்கீங்க. யாருக்கு வயிறு ரொம்பும்?”

“கடைக்காரன் விடிஞ்சிடும்னான்.”

“விடிஞ்சுதா?”

“ஹோல்டருக்கு விடிஞ்சிடுச்சு.”

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கைக் கழற்றினான். உள்ளே பிரதிபலிக்க வேண்டிய கிண்ணம் பழைய கரண்டி போல மங்கி, ஓரமெல்லாம் துரு ஏறியிருந்தது. வயரை மீட்டரில் வைத்துப் பார்த்தான்.

“பல்பு மேல தப்பில்லண்ணே. காயில்லேருந்து கிளம்புற கரண்டு இந்த மெல்லிசு வயர்ல ஊரெல்லாம் சுத்தி, சுவிட்சுக்குப் போயி, திரும்பி வந்து பல்புல ஏறுது. வழியிலயே பாதி போயிடுது.”

“கடைசி வீட்டுக்குத் தண்ணி ஏறாத கதை,” என்றார் தண்ணிக்காரர். இந்த விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. “குழாய் ஒல்லி, தூரம் ஜாஸ்தி. மோட்டாரைத் திட்டி என்ன ஆகும்?”

“அதேதான். இப்ப என்ன பண்றோம்னா, பேட்டரியிலேருந்து தடி வயரா ஒண்ணு நேரா விளக்குக்கு. நடுவுல ஒரு ரிலே. சுவிட்சு உத்தரவு மட்டும் போடும், வேலையை ரிலே பார்த்துக்கும்.”

“எங்க ஆபீசு மாதிரி.”

“அந்தப் பேட்டரி வடிஞ்சுடாம இருக்க, காயில்ல ஒரு முனையைப் பிரிச்சு மாத்தணும், வேற ரெகுலேட்டர் போடணும். எர்த் வயர் பாருங்க, பெயிண்டு மேல முடுக்கியிருக்கு. கரண்டு உள்ள வந்தா வெளிய போக வழி வேணாமா?”

“சாக்கடை அடைச்சிருக்குன்னு சொல்லு.”

“நீங்க என் தொழிலுக்கு வந்திருக்கலாம்ணே,” என்றான் டாக்டர். குந்தி உட்கார்ந்தவன், கையை நிறுத்தி, சாதாரணமாகக் கேட்டான்: “ஆமா, மணலை எத்தனை அடி தூரத்துல பார்த்தீங்க?”

“எங்க பார்த்தேன்? பார்த்திருந்தா ஏன் விழறேன்?”

“பிரேக்கு?”

“பார்த்தாத்தானே பிரேக்கு.”

“தெருவிளக்கு இல்லையா அந்தப் பக்கம்?”

“இருக்கு. நேர் மேல இல்ல, கொஞ்சம் தள்ளி.”

“ம்,” என்றான் டாக்டர். முன்சக்கரத்தை ஒருமுறை பார்த்தான், அவர் முகத்தை ஒருமுறை பார்த்தான். “பார்க்கலாம்.”

ஸ்பேனர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஓரமாக அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களின் மேல் தண்ணிக்காரர் உட்கார்ந்தார். வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இவன் ஓட்டை வயரைப் போட்டுவிடுவான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தது பத்து மணிக்கு. யாரோ தோளைத் தொட்டபோது மணி ஒன்றரை. வாயோரம் ஈரமாயிருந்தது, கன்னத்தில் டயரின் பட்டை அச்சாகப் பதிந்திருந்தது.

டாக்டர் டீ டம்ளரை நீட்டினான். “அண்ணே, கம்ப்ரஸர் ஓட்டினேன், பக்கத்துல சுத்தியல் அடிச்சேன், ரெண்டு வண்டி சைலன்ஸர் இல்லாம உறுமிட்டுப் போச்சு. நீங்க அசையலை. ஒருதரம் மூக்குல விரல் வச்சுப் பார்த்தேன்.”

“மூச்சு வந்துதா?”

“கிண்டல் இருக்கட்டும். ராத்திரி எத்தனை மணி நேரம் படுக்கிறீங்க?”

“படுக்கிறது கிடக்கட்டும் டாக்டர், எழுந்திரிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு.”

“இல்லண்ணே, வண்டி ஓட்டறப்ப…”

“வண்டி ஓட்டறப்பத்தான் நல்லா ரெஸ்ட். உக்காந்துக்கிட்டே வேலை, பாரு.”

டாக்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தான். தலையை ஆட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான். பட்டப்பகலிலேயே எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. எஞ்சின் இன்னும் ஓடவே இல்லை. தண்ணிக்காரர் டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார். இருபது வருடமாக எஞ்சின் ஓடினால்தான் விளக்கு என்று இருந்த வண்டி.

“கண்ணாடியையும் நேராக்கிடவா? உள்ள பார்க்குது.”

“அது துரு. விடு, அசையாது.”

டாக்டர் ஒரு விரலால் தொட்டான். கண்ணாடி வெண்ணெய் போல் அசைந்தது. தண்ணிக்காரர் அவசரமாக அதைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தார். டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

“இன்னும் ஒரு வேலை பாக்கி. அதை இங்க முடிக்க முடியாது. பின்னாடி யாரு உக்காருவா?”

“இப்ப யாரும் இல்ல.”

“எப்பவும்?”

“வீட்டுல.”

“அப்ப அவங்க உக்காந்துதான் விளக்கு உயரம் வைக்கணும். பின்னாடி கனம் ஏறினா வால் கீழ போகும், மூக்கு மேல பார்க்கும். தனியா உக்காந்து வச்சிட்டு ரெண்டு பேராப் போனீங்கன்னா எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சிடும். ரெண்டு பேருக்கு வச்சுட்டுத் தனியாப் போனா காலடிதான் தெரியும். சுவத்துல விளக்கு உயரத்துக்கு ஒரு கோடு போடுங்க. இருபத்தஞ்சு அடி பின்னால வாங்க. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு கோட்டுக்கு நாலு விரல் கீழ நிக்கணும். கீழ இருக்கிற ஸ்க்ரூவைத் திருகினாப் போதும். தனியாப் போறீங்களா, ரெண்டு பேரா போறீங்களான்னு முதல்ல முடிவு பண்ணிக்கங்க.”

“அது என் கையில இல்லையே டாக்டர்,” என்றார் தண்ணிக்காரர். இதை ஜோக்காகத்தான் சொல்ல நினைத்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

வீட்டுக்கு எதிரே ஒரு பூட்டிய கிடங்கின் நீளச் சுவர். பொழுது சாய்ந்து, சுவர் சாம்பல் நிறமானதும், கல்லூரியில் படிக்கிற மகளைச் சாக்பீசோடு கூட்டிக்கொண்டு போனார். அவள் கோடு போட்டாள். அவர் அடிகளை எண்ணிப் பின்னால் வந்து, வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஏறி உட்கார்ந்தார்.

“அம்மாவைக் கூப்பிடட்டுமா?” என்றாள் மகள்.

“வேணாம். பஸ்ல காத்தோட்டம்னு சொன்னவளை எந்த மூஞ்சியோட கூப்பிடறது? தண்ணி கேனைக் கொண்டா. ஒண்ணு இருபது கிலோ.” குரலைத் தாழ்த்தினார். “அம்மா எத்தனை கேன் இருப்பா?”

“கொஞ்சம் சத்தமா கேளுங்க. அம்மாவே வந்து சொல்லுவாங்க.”

“மூணு?”

“எனக்குத் தெரியாதுப்பா. எனக்கு இன்னும் படிப்பு பாக்கி இருக்கு.”

“உங்கம்மா எதுக்கு என் வண்டியில ஏற மாட்டேங்கிறா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

மகள் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினாள். “அம்மாகிட்டயே கேளுங்க.”

“கேட்டா காத்தோட்டங்கறா.”

“நல்லாக் கேளுங்க.”

மூன்று கேனைப் பின் சீட்டில் கயிற்றால் கட்டினார்கள். இரண்டு நின்றன. மூன்றாவது, அதுதான் உச்சியில் இருந்தது, அவர் ஹேண்டில்பாரை நேராக்கிய நொடியில் சாய்ந்தது; சாய்ந்தது சும்மா போகாமல் மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு போனது. மூடிகள் தெறித்தன. அறுபது லிட்டர் தண்ணீர் கிடங்குச் சுவர்வரை ஓடிக் கோட்டுக்கு அடியில் தேங்கியது. தண்ணிக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக விடுமுறையன்று, அதுவும் சொந்தத் தெருவுக்கு, தண்ணீர் விட்டிருந்தார்.

சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள். முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“என்ன கூத்து இது?”

“விளக்கு உயரம் வைக்கணும். பின்னாடி கனம் வேணும்.”

“அதுக்குத் தண்ணியா?”

“உனக்குப் பதிலாம்மா,” என்றாள் மகள். “மூணு கேன்.”

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் விளக்கைப் பார்த்தார்.  அவள் ஈரத்தைத் தாண்டி நடந்து வந்தாள்.

“நிக்கிற வண்டிதானே,” என்றாள். வலது கையை அவர் தோளில் ஊன்றி ஏறி உட்கார்ந்தாள்.

பின் ஸ்பிரிங் முனகிற்று. இருபது நாளாக அந்த முனகலை அவர் கேட்கவில்லை. எஞ்சினை உதைத்துக் கிளப்பி விளக்கைப் போட்டார். வெளிச்சம் கோட்டுக்கு ஒரு முழம் மேலே ஏறி, கிடங்கின் கூரையோரத்தில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்களை எழுப்பிற்று.

“கீழ. இன்னும் கீழ,” என்றார். மகள் குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூவைத் திருகினாள். வெளிச்சம் படிப்படியாக இறங்கி, கோட்டுக்கு நாலு விரல் கீழே, கத்தியால் வெட்டியது போல நின்றது. சுவரிலிருந்த ஒவ்வொரு செங்கல்லும், செங்கல் இடுக்கில் முளைத்த செடியும், அதன் இலையும்கூடத் தெரிந்தன. மகள் எழுந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இறங்க வேண்டியவள் இறங்கவில்லை.

“பாரு,” என்றார் தண்ணிக்காரர். “எறும்பு போனாக்கூட ஆணா பொண்ணான்னு தெரியும். இனிமே மணல் என்ன, ஒரு மணல்துகளைக்கூடச் சுத்திப் போவேன். நாளைக்கு ஏறுவியா?”

இடப்பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ல காத்தோட்டம்ன. அடுத்தது என்ன, கண்டக்டர் நல்லாப் பாடறாரா?”

“இப்படித்தான்,” என்றாள்.

“எப்படி?”

“எதைச் சொன்னாலும் இப்படித்தான் ஒண்ணைச் சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிடறீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொல்ல வந்ததே மறந்துபோற மாதிரி பண்ணிடுவீங்க. அன்னைக்கு மணல்லேருந்து எழுந்து லைட்டுன்னீங்க. சரி, அவருக்கு லைட்டுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

எஞ்சின் சத்தத்தில் கடைசி வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் திருப்பி வைத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தெரு அமைதியாயிற்று. தேங்கிய தண்ணீர் எங்கோ ஓட்டை கண்டுபிடித்து இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சிரிக்கலை,” என்றார். “சொல்லு. லைட்டுல இன்னும் என்ன குறை?”

“லைட்டுல ஒரு குறையும் இல்ல. அன்னைக்கும் இல்ல. அந்த மெழுகுவத்தி வெளிச்சத்துலயே மணல் எனக்குத் தெரிஞ்சுது. தெருமுனை திரும்பினதுமே தெரிஞ்சுது. முந்தின நாள் மாதிரி சுத்திப் போவீங்கன்னு இருந்தேன். வண்டி திரும்பலை. என்னடான்னு இந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். உங்க கண்ணு மூடியிருந்துது. தூங்கிக்கிட்டே ஓட்டிட்டு வந்தீங்க.”

அவர் வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் என்றோ, அதற்குப் பெயர் தியானம் என்றோ. இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மணலுக்கு முன்னால் இருந்த அந்தச் சுகமான அமைதி ஞாபகம் வந்தது. அது எந்தத் தெருவில் ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தார். எந்தத் தெருவும் ஞாபகம் வரவில்லை.

“ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.”

“நீங்கதானே ரேடியோவை அணைக்கச் சொன்னீங்க. எனக்கு ரோஷம். கிடக்கட்டும், நானா ஒரு வார்த்தை பேசறதில்லைன்னு வந்தேன். ரோஷத்தை விட்டுட்டு வாயைத் திறக்கறதுக்குள்ள மணல் வந்துடுச்சு. பஸ்ல போறப்பல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் போறேன். மணலாப் போச்சு. அந்த இடத்துல ஒரு லாரி நின்னிருந்தா?”

அவர் தோளின்மேல் இருந்த கையை அவள் எடுக்கவுமில்லை, இறுக்கவுமில்லை. இரண்டு பேரும் ஓடாத வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வெளிச்சமான சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னைக்கு மட்டும்தானா?” என்று கேட்டார்.

“அந்த ரெண்டாவது தொட்டியை ஏத்துக்கிட்டதுலேருந்து. வாரத்துல ரெண்டு நாளாவது தலை ஆடும். முதல்ல குளிருக்கு ஆடுதுன்னு நினைச்சேன். அப்புறம் கண்ணாடியில பார்த்தேன். பின்ன, மூணு வருஷமா எதுக்கு அத்தனை கதை? சூப்பர்வைசரம்மா வீட்டுத் தையல் மெஷினை யாரு எடுத்துட்டுப் போனா எனக்கென்ன? அந்தச் சண்டை முடிஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு. மீதியெல்லாம் நானாக் கட்டினது. நீங்க ‘ம்’ கொட்டற வரைக்கும் முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.”

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். விலாவில் குத்து விழுந்த இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது போலிருந்தது.

“நான் இப்ப என்ன பண்ணட்டும்?” என்றார். இருபது வருடத்தில் இந்தக் கேள்வியைப் பின்னால் ஒரு வேடிக்கையும் சேர்க்காமல் அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

“நாளைக்கே போய் அந்தத் தொட்டி என்னால முடியாதுன்னு எழுதிக் குடுங்க. சிரிச்சுப் பேசிட்டு வந்துடாதீங்க, காகிதத்துல எழுதிக் குடுங்க. ஒரு வாரம் நேரத்தோட படுத்துத் தூங்குங்க. அப்புறம் கூப்பிடுங்க, ஏறறேன். அதுவரைக்கும் நீங்களும் என்னோட பஸ்லதான் வரணும். கேக்குதா?”